ஏரியா பார்க்கும் முன் ஏரியைப் பாருங்க

ஒரு 25,000 ரூபாய் ஃபோன் வாங்க நம்ம ஹாஸ்டலில் நடக்கும் ஆராய்ச்சி எல்லோருக்கும் தெரிந்ததுதான். பத்து யூடியூப் ரிவ்யூ, ரெண்டு ஸ்பெக் ஷீட், சீனியரிடம் ஒரு அட்வைஸ், அப்புறம் சேல் வரும்வரை வெயிட்டிங். அதே ஆளோட வீட்டில் 60 லட்சத்துக்கு ஃபிளாட் வாங்கும்போது என்ன நடக்குது? ஞாயிற்றுக்கிழமை காலை பில்டர் அனுப்பும் காரில் குடும்பமே ஏறிப் போகும். மாடல் ஹவுஸில் ஏ.சி. காத்து வாங்கும். கிச்சன் டைல்ஸ் நல்லா இருக்குன்னு அம்மா சொல்வாங்க. டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடுவாங்க.

கணக்கு மட்டும் ஒருமுறை போட்டுப் பாருங்க. 50 லட்சம் லோன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதம் சுமார் 43,400 ரூபாய். கட்டி முடிக்கும்போது மொத்தம் 1 கோடியே 4 லட்சம். நம்மில் பாதிப் பேருக்கு முதல் வேலையில் வரப்போகும் சம்பளமே இந்த இ.எம்.ஐ.-யைத் தொடாது. ஆனாலும் ஆஃபர் லெட்டர் வீட்டுக்குப் போன வாரமே "இனிமே சொந்த வீடு பார்க்கலாம்" என்ற பேச்சு ஆரம்பிக்கும். லோனில் நம்ம பேரையும் சேர்ப்பாங்க. அதனால் இது அப்பாக்களோட டாபிக் என்று ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிடாதீங்க.

தெரியாத ஒரு புறநகரில் வீடு வாங்கும் முன் நம்ம வீடுகளில் விசாரிக்காமல் இல்லை. நல்லாவே விசாரிக்கிறோம். ஆனா தப்பான கேள்விகளை விசாரிக்கிறோம் என்பதுதான் என் கருத்து.

"டீசன்ட் ஏரியாவா?" இந்தக் கேள்வியைக் கேட்காத குடும்பம் உண்டா? டீசன்ட் என்றால் என்ன என்று யாரும் விளக்க மாட்டாங்க. அடுத்த கேள்வி விளக்கிடும்: "அங்க எந்த ஆளுங்க ஜாஸ்தி?" அதுக்கடுத்து, "பக்கத்துல ஹவுசிங் போர்டு எதுவும் இல்லையே?" அவ்வளவுதான் ரிசர்ச். ஜாதியையும் வசதியையும் மோப்பம் பிடிக்கிற வேலைக்கு நாம் வைத்திருக்கும் நாகரிகப் பெயர்தான் 'ஏரியா விசாரிக்கிறது'. இது தப்பு என்று நான் தனியாச் சொல்ல வேண்டியதில்லை. ஆனா தப்பு என்பதோடு இது முட்டாள்தனமும்கூட. பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று பத்து கேள்வி கேட்ட குடும்பம், மழை பெய்தால் தண்ணி எங்கே போகும் என்று ஒரு கேள்வி கேட்டிருக்காது. வெள்ளம் வந்த அன்னிக்கு போட்டில் கை கொடுத்துத் தூக்கிவிடுவது எந்த ஆளுங்க என்று யாரும் கேட்பதில்லை.

சென்னையின் தெற்குப் புறநகரைத்தான் உதாரணமா எடுக்கிறேன். தாம்பரம், முடிச்சூர், பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், கூடுவாஞ்சேரி. நம்ம காலேஜில் நிறையப் பேர் வீட்டில் இப்போ பார்த்துக்கொண்டிருப்பது இந்தப் பக்கம்தான். கிளாம்பாக்கம் பஸ் டெர்மினஸ் 2023 டிசம்பர் 30 அன்று திறந்ததிலிருந்து அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஃபிளக்ஸ் இல்லாத கம்பமே இல்லை. எல்லா ஃபிளக்ஸிலும் "5 நிமிடத்தில்". ஜி.எஸ்.டி. ரோட்டில் திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு பெருங்களத்தூரைத் தாண்டியவர்கள் அந்த 5 நிமிடத்தை நினைத்துச் சிரிக்கலாம்.

சரி, காகிதங்களுக்கு வருவோம். "எல்லா டாக்குமெண்டும் கிளியர் சார்" என்று சேல்ஸ் ஆள் சொல்வார். அது பெரும்பாலும் உண்மையாவே இருக்கும். சிக்கல் என்னன்னா, அந்தக் காகிதங்கள் எந்தக் கேள்விக்குப் பதில் என்று நாம் யோசிப்பதில்லை. வில்லங்கச் சான்று, அதாவது எல்லோரும் ஈ.சி. என்கிறோமே அது, பதிவான கிரயமும் அடமானமும் என்னென்ன என்று சொல்லும். பட்டா யார் பேரில் நிலம் என்று சொல்லும். தாய்ப்பத்திரம் அதுக்கு முன்னாடி யாருடையது என்று சொல்லும். பேங்க் வக்கீலின் லீகல் ஒப்பீனியன் இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லும். பேங்கே லோன் கொடுத்துட்டாங்க, அப்புறம் என்ன என்பவர்களுக்கு: பேங்க் பார்ப்பது நீங்கள் கட்டாவிட்டால் அந்த வீட்டை விற்க முடியுமா என்பதை. நீங்கள் அங்கே வாழ முடியுமா என்பது அவங்க கவலை இல்லை. சி.எம்.டி.ஏ. அனுமதியோ டி.டி.சி.பி. அனுமதியோ இருக்கு என்றால் லேஅவுட்டும் பிளானும் விதிப்படி இருக்கு என்று அர்த்தம். ரெரா நம்பர் இருந்தால் ப்ராஜெக்ட் பதிவாகியிருக்கு, வாங்குபவர்களிடம் வாங்கும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்கணும், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல் கேட்கக்கூடாது என்று அர்த்தம். நல்ல சட்டம், வேண்டாம்னு சொல்லலை. ஆனா 500 சதுர மீட்டருக்குள் 8 வீட்டுக்குள் கட்டும் சின்ன அபார்ட்மெண்ட்டுக்கு அந்தப் பதிவே தேவையில்லை. புறநகரின் உள்தெருக்களில் நாம் பார்ப்பதில் பாதி அந்த வகைதான்.

இத்தனை காகிதமும் ஒரே கேள்வியைத்தான் சுத்திச் சுத்தி வருது: இந்த இடம் யாருடையது? இந்த இடம் என்னவாக இருந்தது என்ற கேள்விக்கு ஃபைலில் பதில் இல்லை.

அந்தப் பதில் வேறொரு இடத்தில் இலவசமாவே கிடக்குது. தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் சர்வே நம்பர் போட்டால் அ-பதிவேடு வரும். அதில் நிலத்தின் வகை போட்டிருக்கும்: நன்செய், புன்செய், நத்தம், புறம்போக்கு. புறம்போக்கு என்று வந்தால் எல்லோரும் உஷாராகிடுவாங்க. நான் உஷாராகச் சொல்வது நன்செய்யைப் பார்த்து. பட்டா நிலம்தான், சட்டப்படி ஒரு பிரச்சினையும் இல்லைதான். ஆனா நம்ம ஊர்ப் பக்கம் நன்செய் என்றால் பெரும்பாலும் ஏரிக்குக் கீழே இருக்கும் ஆயக்கட்டு. மதகைத் திறந்தால் பம்ப் இல்லாம, கரண்ட் இல்லாம, தண்ணி தானா இறங்கி வந்து பாயும் நிலம். முந்நூறு, நானூறு வருஷம் முன்னாடி ஒருத்தர் லெவல் பார்த்து வெட்டிய வாய்க்கால் அது. அந்த நிலம் 30-க்கு 40 பிளாட்டா மாறினது தண்ணிக்குத் தெரியாது. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் அரியர் வெச்சவங்களுக்குக்கூட இது புரியும்.

அதே தளத்தில் எஃப்.எம்.பி. வரைபடம் கிடைக்கும். பார்க்க ஒண்ணாவது படிக்கிற பையன் போட்ட கோடு மாதிரி இருக்கும், ஆனா பொய் சொல்லாது. உங்கள் பிளாட்டை ஒட்டி ஒல்லியா, நீளமா தனி எல்லை ஏதாவது ஓடினால் அதோட நம்பரையும் அ-பதிவேட்டில் போட்டுப் பாருங்க. வாய்க்கால், ஓடை என்று வரலாம். நேரில் போனால் அங்கே ஒரு காம்பவுண்ட் சுவரும் செம்பருத்திச் செடியும் இருக்கும். கூகுள் எர்த் ப்ரோவை கம்ப்யூட்டரில் இறக்கி, மேலே இருக்கும் கடிகாரப் படத்தைத் தட்டினால் பழைய படங்கள் வரிசையா வரும். மழை நாளில் மேகம் மறைச்சுடும், அதனால் மழை விட்ட பிறகான டிசம்பர், ஜனவரி படங்களைப் பாருங்க. நீங்கள் மாஸ்டர் பெட்ரூம் என்று நினைத்த இடம் ஏதோ ஒரு வருஷம் பளபளன்னு இருக்கலாம்.

முடிச்சூரைப் பத்தி ஒரு விஷயம் சொல்லணும். 2015 வெள்ளம் என்றால் எல்லோரும் செம்பரம்பாக்கம் என்று ஒரே வார்த்தையில் முடிச்சுடுறோம். செம்பரம்பாக்கத்தின் உபரித் தண்ணி அடையாற்றில் சேருவது திருநீர்மலைப் பக்கம். முடிச்சூரும் வரதராஜபுரமும் அதுக்கு மேலே, ஆறு ஆரம்பிக்கும் பக்கத்தில் இருக்கு. அங்கே வந்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணி. செம்பரம்பாக்கத்திலிருந்து பெரிய அளவில் தண்ணி திறந்த டிசம்பர் முதல் தேதிக்கு ரெண்டு வாரம் முன்னாடியே, நவம்பர் நடுவிலேயே, முடிச்சூரில் ஜனங்களைப் படகில் மீட்டாங்க. அப்போ "செம்பரம்பாக்கத்தை இப்போ நல்லா கவனிக்கிறாங்க, இனி வராது" என்று ஒரு புரோக்கர் முடிச்சூரில் நின்னு சொன்னால், அவர் பொய் சொல்றார்னு அர்த்தமில்லை. அவருக்கு ஆறு எந்தப் பக்கம் ஓடுதுன்னு தெரியலை.

என் அத்தையும் மாமாவும் அந்தப் பக்கம் ஒரு அபார்ட்மெண்ட் பார்த்தாங்க. நானும் கூடப் போனேன். பில்டர் ஆபீஸில் கேட்டோம், "இங்கெல்லாம் தண்ணி நிக்காது சார்." எதிர்வீட்டு ஓனரிடம் கேட்டோம், அவரும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் அவசரமா. தெருமுனையில் இஸ்திரி வண்டி வெச்சிருந்த அண்ணனிடம் நான் சும்மா பேச்சுக் கொடுத்தேன். அவர் ஈ.பி. கம்பத்தில் தன் தோள் உயரத்துக்கு மேலே ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். "பதினஞ்சுல இங்க வரைக்கும் தம்பி. இருபத்திமூணுல முட்டி அளவுதான்." அந்த 'தான்' எனக்கு ரொம்ப நேரம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்புறம் அவரே சொன்னார்: "ஓனருங்களக் கேக்காத. அவங்க விக்கணும்ல. வாடகைக்கு இருக்கறவங்களக் கேளு."

இதைவிடப் பெரிய ரிசர்ச் மெத்தடாலஜி எனக்குத் தெரியலை. எல்லா ஓனருக்கும் அந்தத் தெருவில் ஒரு பங்கு இருக்கு. வெள்ளம் வந்ததுன்னு வெளியே தெரிஞ்சா சதுர அடி விலை இறங்கும். வாடகைக்காரருக்கு அந்தப் பயம் இல்லை. தண்ணி கேன் போடும் பையன், கழிவுநீர் லாரி டிரைவர், பால்காரர், ஆட்டோ ஸ்டாண்ட், இவங்களுக்கு எந்தத் தெருவில் எத்தனை நாள் வண்டி போகலைன்னு மனப்பாடமாத் தெரியும். கேட்கும்போது "தண்ணி நிக்குமா?" என்று கேட்காதீங்க, நிக்காதுன்னு பதில் வந்துடும். "எத்தனை அடி, எத்தனை நாள், கரண்ட் எத்தனை நாள் கழிச்சு வந்துச்சு?" இப்படிக் கேளுங்க. கழிவுநீர் லாரி மாசத்துக்கு எத்தனை தடவை வருது என்பதையும் சேர்த்துக்கோங்க. பாதாளச் சாக்கடை இல்லாத தெருவில் வெள்ளம் என்றால் வெறும் மழைத்தண்ணி இல்லை என்பது அப்போ புரியும். போர் தண்ணிக்கு, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒண்ணு பாக்கெட்டில் போதும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயத்தில் லிட்டருக்கு 500 மில்லிகிராம்தான் ஏற்கத்தக்க அளவு. வேறு வழியே இல்லாட்டி 2,000 வரை. மாடல் ஹவுஸ் குழாயில் மீட்டரை விட்டுப் பாருங்க, சேல்ஸ் ஆள் முகம் மாறும்.

இதுக்கு வழக்கமா வரும் பதில் எனக்குத் தெரியும். "தி.நகர்லயே தண்ணி நிக்குது, அப்ப எங்கதான் வாங்குறது?" நியாயமான கேள்வி. தி.நகரே ஏரிதான். 1920-களில் நீண்ட ஏரி என்ற மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான் அந்த நகரை உண்டாக்கினாங்க. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று இன்னும் பேர் இருக்கு, வியூவில் லேக்கைக் காணோம். ஆனா கணுக்கால் அளவு தண்ணி ஆறு மணி நேரம் நிப்பதும், முதல் மாடிப் படி வரை நாலு நாள் நிப்பதும் ஒண்ணில்லை. அதோட தி.நகரில் மோட்டார் வைத்து இறைக்க மாநகராட்சி ஓடி வரும். புறநகரில் வருவதற்குள் தண்ணியே வடிஞ்சுடும்.

இன்னொரு பதில், பட்ஜெட். "நல்ல மேட்டு நிலம் எல்லாம் ஒரு கோடிக்கு மேல. எங்களால இதுதான் முடியும்." இதுக்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. தெரிஞ்சுகிட்டவங்க விலகிப்போனால், அந்த வீட்டை இன்னும் குறைஞ்ச காசு வைத்திருக்கும் குடும்பம் வாங்கும். பள்ளத்தில் யாராவது ஒருத்தர் இருந்துதான் ஆகணும் என்ற மாதிரி நகரமே அமைஞ்சிருக்கு. பெரும்பாக்கத்தில் அரசே அதைச் செஞ்சது. 2015-க்கு அப்புறம் ஆற்றங்கரையில் இருந்த குடும்பங்களை வெள்ள அபாயம் என்று சொல்லி எடுத்து, சதுப்பு நிலத்துக்குப் பக்கத்துக் குடியிருப்பில் கொண்டுபோய் வெச்சாங்க. 2023 மிக்ஜாம் புயலில் அந்த ஏரியாவே மிதந்தது. "பக்கத்துல ஹவுசிங் போர்டு இல்லையே" என்று கேட்கும் நம்ம வீட்டுப் பெரியவர்கள் அதே பெரும்பாக்கத்தில், அதே பள்ளத்தில், கேட் வெச்ச அபார்ட்மெண்ட்டுக்கு 70 லட்சம் கொடுக்கிறாங்க. தண்ணி கேட்டைத் தட்டிட்டு வராது.

பட்ஜெட் அதுதான் என்றால், குறைஞ்சபட்சம் கண்ணைத் திறந்துகொண்டு வாங்கணும். கிரவுண்ட் ஃப்ளோர் வேண்டாம். ஈ.பி. மீட்டர் பெட்டி எத்தனை அடி உயரத்தில் இருக்கு, சம்ப் மூடி ரோடு மட்டத்துக்கு மேலே இருக்கா, செப்டிக் டேங்க் சம்ப்புக்கு எவ்வளவு தூரம், ஜெனரேட்டர் தரையிலா மேடையிலா. பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே போட்டுக்கொண்டு போகும் தெருவில் ஒவ்வொரு தடவையும் வீடு கொஞ்சம் கீழே இறங்குது என்பதையும் மனசில் வெச்சுக்கணும்.

பள்ளிக்கரணை பத்திக் கொஞ்சம். தென்சென்னையின் 30-க்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி அங்கே வந்து, ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், முட்டுக்காட்டில் கடலைச் சேரணும். 2022-ல் 1,247 ஹெக்டேர் ராம்சார் தலமா அறிவிக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, ராம்சார் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் புதுக் கட்டட அனுமதி கொடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. சதுப்பு நிலத்துக்கு நல்லதுதான், நான் அதன் பக்கம்தான் நிற்பேன். ஆனா ஏற்கெனவே அங்கே பணம் போட்டுட்டுத் தலையில் கை வெச்ச குடும்பங்களை நினைச்சால் கோபம் வருது, அவங்க மேலே இல்லை. இது சதுப்பு, இதோட எல்லை இது என்று அனுமதி கொடுக்கும் ஆபீசுக்குத் தெரியாதா? வாங்குபவர் மட்டும் எல்லாத்தையும் ரிசர்ச் பண்ணிக் கண்டுபிடிக்கணும் என்பது என்ன நியாயம்? ஒவ்வொரு தெருவிலும் 2015 மட்டம், 2023 மட்டம் என்று ரெண்டு பெயின்ட் கோடு போட அரசுக்கு என்ன செலவாகும்? ரெரா பக்கத்தில் ஜிம் இருக்கா, நீச்சல் குளம் இருக்கா என்று காட்டும் இடத்தில் அந்த ரெண்டு நம்பரையும் கட்டாயமாக்கலாம். ரியல் எஸ்டேட் விலை இறங்கும் என்பாங்க. இறங்கட்டுமே, அதுதான் அந்த நிலத்தோட நிஜ விலை.

கடைசியா, நம்மளைப் பத்தி. நான் எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம். தாங்கல், ஏந்தல், கலங்கல், மதகு, கழுவெளி இந்த வார்த்தைகளை எந்தப் பாடத்திலும் கவனிச்சுப் படிச்சதில்லை. தாங்கல் என்றால் சின்ன ஏரி என்று தெரியாமலேயே பழவந்தாங்கல் ஸ்டேஷனை நூறு தடவை தாண்டியிருக்கேன். மாமா வாங்கின பத்திர நகலில் நாலு எல்லையும் எழுதியிருந்தது, "வடக்கில் கலங்கல் ஓடை" என்று. அவர் கம்பெனியில் ஜி.எம்., அவர் பொண்ணு எம்.பி.ஏ. ரெண்டு பேருக்கும் கலங்கல்னா என்னன்னு தெரியலை. ஏரி நிரம்பினால் உபரி வழியும் இடம் என்று எங்க தாத்தா ஃபோனில் சொன்னார். அவர் எட்டாவது வரை படிச்சவர். அந்த வீடு கைவிட்டுப் போச்சு, அத்தைக்கு இன்னும் அந்த கிச்சன் டைல்ஸ் மேலே வருத்தம் இருக்கு.

நம்ம சிவில் டிபார்ட்மெண்ட் லேபில் ஒரு டோட்டல் ஸ்டேஷனும் நாலு ஆட்டோ லெவலும் வருஷத்துக்கு ரெண்டு தடவை, எக்ஸ்டர்னல் வரும்போது மட்டும் தூசி தட்டப்படுது. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு எங்கேயோ வாங்கின ரிப்போர்ட்டில் பேர் மாத்துறதுக்குப் பதிலா, ஆளுக்கு ஒரு தெரு லெவல் எடுத்து, வாடகைக்காரங்க காட்டும் வெள்ளக் கோட்டையும் சேர்த்து மேப் போட்டால் ஒரு செமஸ்டரில் ஒரு வார்டு முடிஞ்சுடும். எந்த கைடாவது ஒத்துக்கிட்டால் சொல்லுங்க. நான் ஈ.சி.ஈ.தான், ஆனா லெவலிங் ஸ்டாஃபை ஆடாம நேரா பிடிச்சுக்கிட்டு நிக்கத் தெரியும்.